ஆறு மூலைக்கும் நூற்றிருபது

என் மகள் கணக்குப் பாடத்தில் என்னிடம் உதவி கேட்பதைத் தொடக்கநிலை நான்காம் வகுப்போடு நிறுத்திக்கொண்டாள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். நிம்மதியும் இருந்தது. வேலை முடிந்து சுவா சூ காங் வீட்டுக்கு வந்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஒருவன் தன்னிடமிருந்த கோலிகளில் ஐந்தில் இரண்டு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தான் என்று தொடங்கும் கேள்வியை நீட்டினால் எனக்குக் கோபம்தான் வரும். கொடுக்கிறவன் முழுசாகக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்துவேன். அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள்.

நான் வீடுகளுக்கு டைல் போடுகிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் மண்டியிட்டே காலம் போய்விட்டது. படித்தது என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பன்னிரண்டு வயதில் எழுதிய தேர்வில் கணக்கில் கோட்டை விட்டேன். அந்த ஒரு தாளை வைத்து என்னை உயர்நிலைப்பள்ளியில் கடைசி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்த பிறகு, பெரியவனாகி நீ என்ன செய்யப்போகிறாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி மற்ற பிள்ளைகளுக்கானது என்று எனக்கும் பழகிவிட்டது.

இப்போது முறையெல்லாம் மாறிவிட்டது, அப்படி ஒரேயடியாகப் பிரிப்பதில்லை என்கிறார்கள். மாறியிருக்கலாம். என் பயம் மாறவில்லை. மகள் தொடக்கநிலை ஆறுக்கு வந்த நாளிலிருந்து, அவள் எழுதப்போகும் தேர்வை நானே இன்னொரு முறை எழுதப்போவதுபோல இருந்தது. ஆங்கிலம், தமிழ், அறிவியல் மூன்றிலும் சமாளித்துவிடுவாள். கணக்கில்தான் எல்லைக்கோட்டில் நின்றாள். ஒன்றிரண்டு மதிப்பெண் கூடினால் ஒரு படி மேலே, குறைந்தால் ஒரு படி கீழே என்று பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை சொன்னார். எதில் விடுகிறாள் என்று கேட்டேன். கோணங்கள் என்றார்.

கோணம்! மூலைகளைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவன் பெண்ணுக்குக் கோணம் வரவில்லை. வரும் வழியெல்லாம் என் மனைவியிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுப் பழகியவள். "சரி, விடுங்க, மூலையில உக்காந்து அழுதா மார்க் வந்துடுமா?" என்று முடித்துவிட்டாள்.

கணக்குத் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மகள் சாப்பாட்டு மேசையில் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை. கண்ணீர் தாளில் விழக்கூடாது என்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது.

"என்னங்க, நீங்க கொஞ்சம் பாருங்களேன். கத்தாமப் பாருங்க," என்றாள் மனைவி.

பக்கத்தில் போய் நின்றேன். கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது. நான் நேராகப் படத்துக்குப் போய்விட்டேன். ஓர் அறுகோணம்.

"சிக்ஸ் சைட்ஸ்பா. ஒரு ஆங்கிளும் கொடுக்கலை. ஒண்ணுமே கொடுக்காம ஆங்கிள் எவ்வளவுன்னு கேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்குக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்த மாதம்தான் காத்தோங்கில் ஒரு பழைய வீட்டுச் சமையலறைக்கு அறுகோண டைல் போட்டு முடித்திருந்தேன். உள்ளங்கை அளவு வெள்ளை டைல்கள். மீந்ததில் மூன்றை, வீட்டுக்காரரிடம் கேட்டு, சூடான பாத்திரம் வைக்க உதவும் என்று எடுத்து வந்திருந்தேன். வாசலில் இருந்த வேலை வாளியிலிருந்து அவற்றை எடுத்து, சட்டையில் துடைத்து, மேசையில் வைத்தேன்.

"இந்த மூணையும் இடைவெளி இல்லாமச் சேரு பார்ப்போம்."

சேர்த்தாள். மூன்றும் ஒரு புள்ளியில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தன.

"நடுவுல ஒரு புள்ளி தெரியுதா? அதைச் சுத்தி மொத்தம் எவ்வளவு?"

"த்ரீ சிக்ஸ்டி."

"எத்தனை டைல் பங்கு போட்டுக்குது?"

"மூணு." கொஞ்ச நேரம் டைலையே பார்த்தாள். பிறகு முகம் மாறியது. "ஒன் ட்வென்ட்டி! அப்பா, ஒன் ட்வென்ட்டிதானே?"

அந்த முகத்தை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. அவள் பிறந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததா என்று தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. பென்சிலை வாங்கி ஒரு டைலின் மேல் இரண்டு கோடு போட்டேன். நடுவில் ஒரு செவ்வகம், இரு பக்கமும் ஒவ்வொரு முக்கோணம். சுவரோரம் வரும்போது நாங்கள் அப்படித்தான் வெட்டுவோம். முக்கோணத்தின் ஓரத்துக் கோணம் முப்பது என்று அவளே கணக்குப் போட்டாள். செவ்வகத்தின் தொண்ணூறோடு கூட்டினாள். மறுபடியும் நூற்றிருபது.

"எப்படி வெட்டினாலும் அதே வருதுப்பா!"

"வரும். இது டைல்மா, பொய் சொல்லாது."

அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். இன்றுவரை அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

"எல்லா ஹெக்ஸகனுக்கும் அப்படித்தானாப்பா?"

நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த அறுகோணங்கள் எல்லாம் பெட்டியில் அடுக்கி, ஒன்றுபோல் ஒன்றாக வருபவை. ஒரு மூலை கோணலாக இருந்தால் அது உடைந்த டைல், திருப்பி அனுப்பிவிடுவோம்.

"எல்லாத்துக்கும்தான். ஆறு பக்கம்னா ஆறு மூலைக்கும் நூத்தி இருபது. இருபத்திரெண்டு வருஷமா போடுறேன், ஒண்ணுகூட மாறினதில்லை," என்றேன்.

அவள் மார்க்கர் பேனாவை எடுத்து, ஒரு டைலின் பின்பக்கத்தில் நூற்றிருபது என்று பெரிதாக எண்ணில் எழுதிக்கொண்டாள். அன்று மாலை வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம், "அப்பாவுக்கு மேத்ஸ் தெரியும் லா," என்று சொன்னாள். நான் கேட்காத மாதிரி குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தைய மாலை லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். சிராங்கூன் சாலைக் கோயிலில் அந்த வாரம் முழுக்கத் தட்டுகளில் பூவைவிடப் பேனாதான் அதிகம் இருக்கும். பேனா, பென்சில், அடிமட்டம், அழிப்பான் எல்லாவற்றையும் தட்டில் வைத்து, பிள்ளையின் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து வாங்கிக்கொண்டு போவது எங்களுக்கெல்லாம் வழக்கம். எங்கள் தட்டில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் மகள் அந்த டைலையும் வைத்துவிட்டாள்.

"இது என்ன சார், வீடு கட்டுறீங்களா?" என்றார் குருக்கள்.

"இல்லை சாமி, கணக்குப் பேப்பருக்கு," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு டைலுக்கும் ஒரு பொட்டு வைத்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாய் அந்த டைலையே உற்றுப் பார்த்தார். தமக்குத் தெரியாத ஏதோ டியூஷன் ரகசியம் எங்களிடம் இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். எனக்கும் அப்படித்தான் ஒரு எண்ணம். தலைகால் புரியாமல் நடந்தேன்.

மறுநாள் காலை அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, பாசிர் ரிஸ்ஸில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. தேர்வு இரண்டு தாள்கள். இடையில் ஓர் இடைவேளை. முதல் தாள் எளிதாக இருக்குமாம், இரண்டாவதில்தான் நீளக் கணக்குகள். நான் அந்த வீட்டு மணியை அடித்தபோது இரண்டாம் தாளுக்குப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைக்கும் நேரம்.

வீட்டுக்கார அம்மாள் தனியாக இருப்பவர், பெரியவர். காபி கலக்கிக் கொடுத்துவிட்டு, சமையலறையைக் காட்டினார். ப எழுத்தில் ஒரு காலை ஒடித்துப் போட்ட மாதிரி, அடுப்பு ஒரு பக்கமும் துணி துவைக்கும் இடம் ஒரு பக்கமுமாக மடங்கிப் போகிற அறை. இந்த ஊரில் அப்படிப்பட்ட சமையலறை ஆயிரம் பார்த்திருக்கிறேன். டைல் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அறையின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு சுவராக அளந்து எழுதினேன். குழப்பம் வராமல் இருக்கச் சுவர்களுக்கு எண் போடுவது என் வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஆறு என்று எழுதிய கை அப்படியே நின்றது.

ஆறு சுவர். ஆறு பக்கம். ஆறு மூலை. திரும்பவும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் ஆறுதான். நான் அறுகோணத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். அதில் ஐந்து மூலை தொண்ணூறு. ஆறாவது மூலை உள்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. அறைக்குள்ளிருந்து அளந்தால் இருநூற்று எழுபது. ஒன்றுகூட நூற்றிருபது இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் அறுகோணங்களுக்குள் மண்டியிட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட அறுகோணம் என்று பார்க்கவில்லை. பெட்டியில் வருவதுதான் அறுகோணம் என்று நினைத்துக்கொண்டு, என் பெண்ணிடம் எல்லாவற்றுக்கும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் படிக்காமல் விட்ட நான்கு வரியில், பக்கமும் மூலையும் எல்லாம் சமமான அறுகோணம் என்று இருந்திருக்கும்.

மனைவிக்குப் போன் செய்தேன். கிளினிக்கில் கூட்டம் போல, யார் குழந்தையோ அழுவது கேட்டது.

"நான் அவளுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

"என்னது?"

"அந்த டைல் கணக்கு. எல்லாத்துக்கும் நூத்தி இருபது இல்லை. சில ஹெக்ஸகன்தான் அப்படி."

"ஹாலுக்குள்ள போயிருப்பாளேங்க. இப்ப நான் என்ன செய்ய முடியும்?"

"எனக்கு மட்டும் என்ன செய்ய முடியும்னு தெரிஞ்சா உன்னை எதுக்குக் கூப்பிடுறேன்!" என்று கத்தினேன். அவள் வைத்துவிட்டாள். அவள் செய்த தவறு எதுவுமில்லை.

அடுத்து நான் செய்தது இன்னும் கேவலம். பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, மரியாதையாக, என்ன உதவி வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? தேர்வு மண்டபத்துக்குள் போய், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் காதில், எல்லா அறுகோணமும் ஒன்றல்ல என்று உன் அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லச் சொல்வதா? அதற்குப் பெயர் தேர்வு மோசடி. அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண் இரண்டாம் முறை ஹலோ என்றார். மன்னிக்கவும், தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"தம்பி, உடம்புக்கு முடியலையா? முகமெல்லாம் வேர்த்திருக்கே," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"ஒண்ணுமில்லைமா. அளவு ஒண்ணு தப்பாயிடுச்சு," என்றேன். "நாளைக்கு வந்து மறுபடி எடுக்கிறேன்." அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஓடினேன். முழங்கால் வலித்தது. ஓடி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் ஓடினேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அட்டையை எடுத்து மடியில் விரித்தேன். கோபத்தில் அந்த ஐந்து தொண்ணூறையும் கூட்டினேன். நானூற்று ஐம்பது. அதோடு இருநூற்று எழுபது. எழுநூற்று இருபது. சும்மா டைலின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆறு நூற்றிருபது. அதுவும் எழுநூற்று இருபது.

தற்செயல் என்று நினைத்தேன். பிறகு, துருத்திக்கொண்டிருந்த அந்த மூலையிலிருந்து தொலைவில் இருந்த மூன்று மூலைகளுக்கும் கோடு இழுத்தேன். அறை நான்கு முக்கோணமாகப் பிரிந்தது. நான்கு நூற்றெண்பது, மறுபடியும் எழுநூற்று இருபது. டைலை வரைந்து அதையும் பிரித்தேன். நான்கு முக்கோணம். கோணல்மாணலாக ஒன்று வரைந்தேன். அதுவும் நான்குதான். மூலைகள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்று குறைந்தால் இன்னொன்று கூடும், மொத்தம் மாறாது. சொல்ல வேண்டியது இதுதான். இதை மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குமுன் எனக்கு யாராவது இப்படிக் காட்டியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேனோ. இப்போது அது முழுசாக, தெளிவாக, என் கையில் இருந்தது. எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. யாருக்குப் பயன்படுமோ அவள் ஒரு மண்டபத்தில், வரிசையில், யாரோடும் பேச வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறும்போது என் கண் கலங்கியிருந்தது. எதிரில் நின்ற சீனக் கிழவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் ஒரு சமாதானமும் தேடிக்கொண்டேன். அறுகோணமே கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை பாடத்தில் இதைத்தானா கேட்கப்போகிறார்கள்? கேட்டாலும் டைல் மாதிரியேதான் கேட்டிருப்பார்கள். சுவா சூ காங் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். யாரும் யாருடனும் பேசவில்லை. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சில பிள்ளைகள் அழுதுகொண்டே வந்தார்கள். என் மகள் ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா! வேலைக்குப் போகலையா?"

"சீக்கிரம் முடிஞ்சிடுச்சும்மா. பேப்பர் எப்படி?"

"ஓகே லா. ஒரு கணக்கு செய்யவே முடியலை, யாருக்குமே முடியலை. ஆனா அப்பா, ஹெக்ஸகன் வந்துச்சு!"

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"பார்க்க நம்ம டைல் மாதிரியே இருந்துச்சுப்பா. நடுவுல ரெக்டாங்கிள், ரெண்டு பக்கமும் ட்ரையாங்கிள். நீங்க பென்சில்ல போட்டுக் காட்டினீங்கள்ல, அதே மாதிரி. ட்ரையாங்கிள் ஓரத்துல ஃபார்ட்டின்னு வந்துச்சு. நான் முதல்ல நைன்ட்டியையும் ஃபார்ட்டியையும் கூட்டி, ஒன் தர்ட்டின்னு எழுதிட்டேன்."

"ம்."

"அப்புறம் பார்த்தா, ஐயோ, சிக்ஸ் சைட்ஸ்! ஹெக்ஸகன்னா ஒன் ட்வென்ட்டிதானே? என்னை ஏமாத்தத்தான் ஃபார்ட்டி வர்ற மாதிரி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். டீச்சர் சொல்லுவாங்க, டிராப் வைப்பாங்க, கவனமா இருங்கன்னு. உடனே எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒன் ட்வென்ட்டின்னு போட்டுட்டேன். வொர்க்கிங்ல மூணு டைல் படம்கூடப் போட்டேன்பா." பையைத் திறந்து, பொட்டு இன்னும் அழியாத அந்த டைலை எடுத்துக் காட்டினாள். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஒன் தர்ட்டின்னு சொல்றாங்க. பாவம்."

அவள் முதலில் எழுதியது நூற்றுமுப்பது. சரியான விடை. அவளாகவே கண்டுபிடித்த விடை. நான் உதவி செய்யாமல் இருந்திருந்தால் அது தாளில் இருந்திருக்கும். சட்டைப் பையில் அந்த அட்டை குத்திக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்டலாம். காட்டி? அறிவியலும் தமிழும் இன்னும் எழுத வேண்டும். இந்தச் சிரிப்பை அணைத்துவிட்டு அந்த மண்டபத்துக்கு அவளை எப்படி அனுப்புவது?

"சரிதானேப்பா?"

"கெட்டிக்காரி," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு தெருவில் என் கையைப் பிடித்ததில்லை. பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று வெட்கம். அன்று எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்குக்காக நின்றோம்.

"அப்பா, சயின்ஸ் பேப்பர் இன்னும் இருக்கு. அதுக்கும் நீங்களே சொல்லிக் கொடுங்கப்பா. டீச்சர் சொன்னா எனக்கு மறந்துடுது. நீங்க சொன்னா மறக்கவே மாட்டேங்குது."

பச்சை விளக்கு எரிந்தது. சரிம்மா என்று சொன்னேன்.